அம்மாவின் கண்ணில் முளைப்பவை

நான் சொல்வதற்கு முன்பே என்னைப் புரிந்துகொள்ளும் என் அக்காவுக்கு,

மஞ்சள் காமாலையில் நீ போன பிறகு நம் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. யார் எது கேட்டாலும் நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். இப்போது தலையாட்டினால் போதாது. அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது.

அம்மா இன்னும் அதே பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிறாள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஈரப் பஞ்சால் விளிம்பு துடைக்கிறேன். அவளுக்குப் பார்வை மங்கியது எனக்கே தெரியவில்லை. விரலால் தடவியே ஒட்டிவிடுவாள். ஒரு நாள் சேத்தியாத்தோப்பு என்று பெரிதாகப் பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்து, "திட்டக்குடி வண்டியாடி?" என்று கேட்டபோதுதான் புரிந்தது.

பாண்டிச்சேரிக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்கள். கண்ணின் பின்பக்கம் விழித்திரையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களைச் சர்க்கரை அடைத்துவிடுகிறது. ரத்தம் கிடைக்காத இடம், ரத்தம் கேட்டு ஒரு பொருளைச் சுரக்கிறது. வளர்ச்சிக் காரணி என்று பெயராம். அதனால் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு உறுதி கிடையாது. கசியும், உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், விழித்திரையைக்கூட இழுத்துப் பிரித்துவிடும். அந்தப் பொருளை அடக்க ஓர் ஊசி இப்போதுதான் வந்திருக்கிறது. கண்ணுக்குள்ளேயே போட வேண்டும்.

அம்மா 'புதுசா முளைக்குது' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். கம்பெனி முழுக்கச் சொல்லியும்விட்டாள்.

"எங்களுக்கு இருக்கற முடியே கொட்டுது, உனக்குக் கண்ணுல புதுசா முளைக்குதா? குடுத்துவச்சவ," என்று சிரித்தாள் சூளையில் கப்பு அடுக்கும் சரோஜா அத்தை.

"பின்ன? ஊசி போட்டா முளைக்கறது நின்னுடுமாம். வளர்றதைப் போயி யாராவது நிறுத்துவாங்களா?" என்றாள் அம்மா.

அப்படியில்லை என்று சொல்ல நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் வார்த்தை வெளியே வரவில்லை. நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் அக்கா?

இன்று வேலையில், கண்ணுக்குள் கறுப்பு நூலாக ஏதோ மிதக்கிறது என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுத்த கைப்பிடியை எடுத்தாள். நான் பஞ்சைக் கீழே வைத்தேன்.

"அம்மா, காய்ஞ்ச கப்புல ஈரக் கைப்பிடியை அவசரமா ஒட்டுனா என்ன ஆவும்?"

"விரிசல் வுடும். சூளையில கழண்டுக்கும். இது தெரியாதாடி உனக்கு?"

"ஒட்டறப்ப நல்லாத்தானே இருக்குது?"

"இருக்கும்."

"கண்ணுல முளைக்கறதும் அப்படித்தாம்மா. ரத்தம் இல்லன்னு அவசரத்துல முளைக்குது. தாங்காது, உடையும். அந்தக் கறுப்பு நூலு ரத்தமோன்னு பயமா இருக்குது."

சரோஜா அத்தைகூடச் சிரிக்கவில்லை. அம்மா கப்பைப் பலகையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். என் முகம் அவளுக்கு எவ்வளவு தெரிந்ததோ.

"கண்ணுக்குள்ள ஊசியாடி," என்றாள் மெதுவாக. "நீ கூட நிப்பியா?"

நாளைக் காலை பஸ்ஸில் போகிறோம். போன பார்வை முழுவதும் திரும்பும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. ஊசியைத் திரும்பவும் போட வேண்டியிருக்கலாம், சர்க்கரையும் அடங்க வேண்டும். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு குழாய் உடைந்தால்?

ஊசி போடும் அறைக்குள் என்னை விடமாட்டார்கள். பரவாயில்லை. அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி கதவுக்கு வெளியே சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பேன். யார் அதட்டினாலும் நிறுத்த மாட்டேன், அக்கா.

உன் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்து வளர்ந்த தங்கச்சி,
செல்வி