ஒரே ஆபரேஷன், இரண்டு அப்பாக்கள்

1991 மார்ச் 14, இரவு

ஒரே டாக்டர், ஒரே குடலிறக்க ஆபரேஷன். ஸ்பெஷல் ரூமில் மில் முதலாளியின் அப்பா, பெரிய முதலாளி, நேற்றே பேப்பர் படித்தார். பொது வார்டில் என் அப்பா, அந்த மில்லிலேயே உழைத்துத் தேய்ந்தவர், என்னைப் பார்த்து "யாருலே நீ?" என்றார். ஊசியைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஸ்பெஷல் ரூம் கிழவர்மேல் எனக்கு வயிறு எரிந்தது. அவர் பக்கத்தில் எப்போதும் வீட்டு ஆள்; எங்களுக்குச் சாயங்காலம் மட்டும்தான் அனுமதி.

இன்று காலை வார்டு வாசலில் நர்ஸிடம் சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை.

"வயசானவியளுக்கு மயக்கம் தெளிஞ்சதும் கண்ணு தெரியணும், பழகின குரல் கேக்கணும் தம்பி. இல்லன்னா இப்படித்தான் கொழம்பிப் போவாவ. அவிய கண்ணாடி எங்க?"

வார்டில் களவு போகும் என்று அம்மா அதை ராஜபாளையத்து வீட்டில் பூட்டி வைத்திருந்தாள். பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்தேன். நர்ஸ் கட்டை அவிழ்த்து என்னைப் பக்கத்தில் உட்காரவிட்டார். கண்ணாடியை மாட்டிவிட்டு, தெருக்கதை எல்லாம் பேசிக்கொண்டே இருந்தேன். பொழுது சாயும் நேரம் அப்பா என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"ஏலே முருகா, எப்ப வந்த?"

"இப்பத்தாம்ப்பா."

"பெரிய முதலாளிக்கும் ஆபரேசன்னாவளே. தேவலையா? போய்ப் பாத்துட்டு வா."

புத்தி திரும்பிவிட்டது என்று அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்காவ" என்றேன். அப்பா முகம் மலர்ந்தது. அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.