கண்ணாடியில் எண்ணெய்

ஜனவரி 6
தபால் பைகளோடு கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, விமானத்தின் முன் கண்ணாடி முழுக்க எண்ணெய். பக்கவாட்டு ஜன்னல் வழியே குஸ்கோக்விம் ஆற்றுப் பனியைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி இறங்கினேன்.

புரொப்பெல்லருக்குப் பின்னால், அதைச் சுழற்றும் கிராங்க்‌ஷாஃப்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல் மறுபடியும் பிதுங்கி வந்திருக்கிறது. போட்டு ஒன்பதே நாள். போட்டவர் ஈவான் அத்தான். அக்கா புருஷன், ஊருக்கே ஒரே மெக்கானிக்.

ஜனவரி 7
சீலை ஒட்டிய பசை காய ஒரு முழு நாள் சூடு வேண்டும். என்ஜின்மேல் கூடாரம் போட்டு ஹீட்டர் வைத்தார், சரி. எத்தனை மணி நேரம் வைத்தார்? யார் பார்த்தது? அன்றைக்கு அவருக்குப் பாட்டு ஒத்திகை வேறு இருந்தது.

பழைய நாட்காட்டிப்படி இன்றுதான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ். பாட்டுக் கோஷ்டி வீட்டுக்கு வந்தது. வீடு வீடாகக் கொண்டுவரும் பெரிய காகித நட்சத்திரத்தைச் சுழற்றியது அத்தான்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூஸ் மான் கறி சூப் மட்டும் இரண்டு கிண்ணம். மனசில் கள்ளம் இருப்பவருக்கு இவ்வளவு பசிக்குமா? — நடிப்பு.

ஜனவரி 9
நேராகவே கேட்டுவிட்டேன். "பசை காயறதுக்குள்ள ஹீட்டரை அணைச்சீங்களா?"

"நீயே காவலுக்கு ஒக்காந்திருக்கலாமே பராஸ்கா. எனக்கு டீயாவது கெடைச்சிருக்கும்." பிறகு சிரிக்காமல் சொன்னார்: "சீல் தானா வெளிய வராது. உள்ளேருந்து எதுவோ தள்ளுது. அது என்னன்னு தெரியாம இதப் பறக்க விடமாட்டேன்."

விடமாட்டாராம்! யார் விமானம் இது? விலைக்குக் கொடு என்று மூன்று முறை கேட்டவர்தானே. நான் தரையிலேயே கிடந்தால் நான்காம் முறை மலிவாகக் கேட்கலாம், இல்லையா?

ஜனவரி 10
அவர் மெக்கானிக் உரிமத்தை ரத்து செய்யச் சொல்லி விமான ஆய்வு அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். இன்று வந்த வேறொரு விமானத்தில் கடிதம் போய்விட்டது. அக்காவிடம் சொல்லவில்லை.

ஜனவரி 11
அக்கா உலர்ந்த சால்மன் மீன் கொடுத்தனுப்பினாள். தொடவில்லை.

ஜனவரி 13
அத்தான் கூடாரத்துக்குள் கூப்பிட்டார். "இது யாரு சுத்தினது?"

என்ஜின் மூச்சுவிடும் குழாய். இந்தக் குளிரில் அதன் வாய் பனிக்கட்டியால் அடைத்துக்கொள்ளும். அப்போதும் மூச்சு போகட்டும் என்றுதான் மேலே, என்ஜின் சூட்டில், பக்கவாட்டில் ஒரு துளை. குழாய் உறையக் கூடாதென்று அக்டோபரில் குளிர்காப்புப் பட்டை சுற்றி டேப் ஒட்டியது நான். துளையையும் சேர்த்து மூடியிருக்கிறேன். போக்கிடம் இல்லாத மூச்சு சீலைத் தள்ளியிருக்கிறது, இரண்டு முறையும்.

"நல்லா இறுக்கமாத்தான் சுத்தியிருக்க," என்று சிரித்தார்.

கடிதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஐயோ, நான் என்ன பொம்பளை!

ஜனவரி 20
பறக்கிறேன். கண்ணாடியில் ஒரு சொட்டு இல்லை. புகாரைத் திரும்பப் பெற எழுதிய கடிதத்தை இரண்டு முறை கிழித்துப் போட்டேன். அவமானம்.

ஜனவரி 24
அத்தானுக்கு விசாரணைக் கடிதம். நான் கொண்டுவந்த தபாலில்தான்.

"யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. செவ்வாக்கெழம டவுனுக்குப் போகணும். ஒரு சீட் இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

ஜனவரி 28
பாதி வழியில் சொன்னேன். "நான்தான் எழுதினேன், அத்தான்."

அவர் மீட்டரைப் பார்த்தார். "ஆயில் பிரஷர் சரியா இருக்கு," என்றார். டவுன் தெரியத் தொடங்கியதும், "ஒங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

அலுவலகத்தில் அவருக்கு முன்னால் நான் உள்ளே போனேன். உரிமம் அவரிடமே இருக்கிறது.

ஊர் திரும்பியதும் அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் மூன்று கோப்பை எடுத்து வைத்திருந்தாள். அத்தானுக்கும் தனக்குமாக இரண்டில் மட்டும் டீ ஊற்றினாள்.