முள் என்று சொன்ன செல்லாயி

சேந்தமங்கலம்
1937, தை 18

சிரஞ்சீவி செல்லமுத்துவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் குறைவில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் பழனியம்மாளும் எஸ்டேட் குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

நமக்கு மலையில் கடுக்காய் பொறுக்கிக் கொடுக்கும் செல்லாயி போன செவ்வாய்க்கிழமை கண்ணாடி விரியன் கடித்துச் செத்துப்போனாள். அம்மாசி பெண்சாதி, உனக்குப் பலாச்சுளை உரித்துக் கொடுப்பாளே, அவள்தான். அன்றைக்கு நான் எடை போட மேலே போயிருந்தேன். கூடையோடு காலை இழுத்துக்கொண்டு வந்தாள், கணுக்கால் புடைத்து மினுமினுத்தது. என்ன என்று கேட்டதற்கு, முள்ளுங்க சாமி என்றாள். முள் குத்தினால் இரண்டு பொத்தல் விழுமா என்று சத்தம் போட்டேன். ரெட்டை முள்ளுங்க என்று சிரித்தாள். பக்கத்தில் நின்ற அம்மாசியும், ஆமாங்க, நாந்தான் புடுங்கிப் போட்டேன் என்றான். மூங்கிலில் தூளி கட்டித் தூக்குங்கள், ராத்திரிக்குள் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தனும் மூங்கிலைத் தொடவில்லை. பொழுது சாய்கையில் பல்லீறில் ரத்தம் கசிந்தது. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

இத்தனை வருஷம் அவர்களோடு வியாபாரம் பண்ணியும் எனக்கு இப்போதுதான் விளங்கிற்று. அந்த ஊரார் கரடிக்குப் பயப்படுவார்கள், மலைக்காய்ச்சலுக்குப் பயப்படுவார்கள், பாம்புக்குப் பயமில்லை. வழியில் கிடந்தால் தாயே ஒதுங்கிக்கோ என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். என் பூட்சைப் பார்த்து ஊர்க்கவுண்டர் கேலி பண்ணுவார், இதப் பாத்தாப் பாம்புதானுங்க பயந்துக்கும் என்று. குற்றமில்லாத காலைப் பாம்பு தீண்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பாம்பு கடித்தது என்று சொல்வதும் தப்புப் பண்ணினேன் என்று சொல்வதும் அங்கே ஒன்றுதான். ஆண் என்றால் திருட்டு, பொய்ச்சத்தியம் என்பார்கள். பெண் என்றால் என்ன சொல்வார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அது முள் இல்லை என்று அம்மாசிக்கும் தெரியாமல் இல்லை. புதைத்துவிட்டு வந்து என்னிடம் அழுதான், உசுரு எப்படியும் போயிருமுங்க, பேரையாச்சும் நிறுத்தலாம்னு பாத்தேனுங்க என்று. பேரும் நிற்கவில்லை, பல்லீறில் ரத்தத்தைப் பார்த்த பெண்கள் பாம்புதான் என்று அன்றைக்கே பேச ஆரம்பித்துவிட்டார்கள். மலைக்காரர்களை மட்டும் சொல்வானேன், நான் வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா முதலில் கேட்டது, அவ என்ன பண்ணுனாளோ என்பதுதான்.

மறுபடி மலையேறிக் கவுண்டரிடம் பேசினேன். மூங்கிலும் கம்பளியும் எடைக் கொட்டகையில் வைக்கிறேன், தூக்குகிறவர்களுக்குக் கூலியும் நானே தருகிறேன், கடிபட்டவரை ஒரு கேள்வி கேட்காமல் கீழே இறக்குங்கள் என்றேன். ஊரை மாத்த வாராதீங்க, காயை வாங்கிட்டுப் போங்க என்றார். பேரத்தில் நான் சுலபமாக எழுந்திருக்கிறவன் இல்லை, பொழுது பூராவும் உட்கார்ந்திருந்தேன். செல்லாயியின் மகள் அத்தாயி அதே காட்டுக்கு வெறுங்காலோடு போய்க்கொண்டிருக்கிறாள். செருப்பு வாங்கிக் கொடுத்தேன். போட்டா நான் என்ன குத்தம் பண்ணுனேன்னு கேப்பாங்க சாமி என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குமேல் நான் என்ன செய்ய, சொல்.

நீ இருக்கிறதும் அடர்ந்த காடு. பழனியம்மாளிடம் நீயே வாய் திறந்து சொல்லி வை, எது கடித்தாலும் கூச்சல் போடு, நான் ஒன்றும் கேட்க மாட்டேன் என்று. சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்று இருந்துவிடாதே. அறப்பளீசுவரர் உங்கள் இருவரையும் காக்கட்டும். அனுப்பிய கம்பளி வந்து சேர்ந்ததா என்று மறக்காமல் எழுது.

கவுண்டரோடு பேசி முடித்தது இவ்வளவுதான். ஆணைக் கடித்தால் அந்த நிமிஷமே தூளி இறங்கும். பெண்ணைக் கடித்தால், ஊர் அம்மன் முன்னால் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள், வெள்ளை வந்தால்தான் இறங்கும். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு உன் அப்பா,
கண்ணுசாமி