விசில் வராத குழாய்

அக்டோபர் 14
நிலவறையில் இருந்து வீட்டைச் சூடாக்குகிற பாய்லர் மறுபடி நின்றுவிட்டது. ஒன்பது பேரும் கோட்டைப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அதற்கு ஐம்பத்தோரு வயது, என்னைவிட ஒன்று குறைச்சல். அது சூடாக மாட்டேன் என்கிறது, எனக்கோ இந்த வயசில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சூடு ஏறுகிறது. என்னை நிலவறையில் பூட்டிக் குழாயை மாட்டுங்கள் என்றேன். என் வீட்டுக்காரர் ரொசேருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் அண்ணன் லூசியான் சிரிக்கவில்லை.

வீட்டில் பாதி லூசியானுடையது. புதுசு வேண்டாம் என்று மூன்று வருஷமாகப் பிடிவாதம். இன்றைக்குத்தான் இறங்கி வந்தார். "மாத்துங்க. ஏதாச்சும் கெட்டுப்போச்சுன்னா என் பாதிய வித்துட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

பாதி வீட்டை யார் வாங்குவார்கள்? முழுசாகத்தான் போகும். எங்கள் இரண்டு பெண்களும் குடும்பத்தோடு இங்கேதான் இருக்கிறார்கள். எல்லாரும் எங்கே போவது?

அக்டோபர் 29
புதுப் பாய்லர் வந்துவிட்டது. மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் குச்சிகளைத் தின்னும். எண்ணெயில் எரிந்த பழையதையும், நிலவறையில் இருந்த எண்ணெய்த் தொட்டியையும் வெட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். எண்ணெய் ஊற்றுகிற குழாய் மட்டும் இன்னும் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பாய்லர் மாட்டின டுவெயின் அதையும் உடனே பிடுங்கச் சொன்னார். உள்ளே தொட்டி இல்லை என்பது எண்ணெய் வண்டிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்றார். கல்சுவரை இடிக்கணும், பனி போகட்டும் என்று ரொசேர் தள்ளிப்போட்டார்.

எண்ணெய்க் கடைக்காரர்கள் கேட்காமலே வந்து நிரப்பிவிட்டுப் போகிறவர்கள். வேண்டாம் என்று சொல்கிற வேலை எனக்கு.

அக்டோபர் 30
சொல்லியாச்சு. கடையில் போனை ஆள் எடுக்கவில்லை, பேச்சைப் பதிவு செய்கிற மெஷின்தான் எடுத்தது. "எங்க பாய்லர் காலமாயிடுச்சு. சனிக்கிழமை அடக்கம். எண்ணெய் வேணாம், மலர்வளையம் மட்டும் அனுப்புங்க." ரொசேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நவம்பர் 12
லூசியான் குளித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டி, "பெரியவரே, எண்ணெய் வண்டிக்காரன் வந்து ஊத்திக்கிட்டிருக்கான்" என்றேன். சோப்பு நுரையும் துண்டுமாகப் பனியில் வாசல்வரை ஓடினார். அங்கே எந்த வண்டியும் இல்லை. வீடே சிரித்தது.

நவம்பர் 20
லூசியான் இன்னும் என்னோடு பேசவில்லை.

டிசம்பர் 6
பாத்திரம் கழுவும்போது திடீரென்று — அந்த மெஷினில் நான் பேர் சொன்னேனா? மலர்வளையம்வரை நினைவிருக்கிறது. யார் வீடு, எந்தத் தெரு? சொல்லாமலா இருந்திருப்பேன்? திங்கள்கிழமை கடை திறந்ததும் கேட்கணும்.

டிசம்பர் 8
மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

நான் சமைக்கிற பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டே கடை திறக்கிற நேரத்துக்குக் காத்திருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் எண்ணெய் வண்டி எங்கள் மேட்டுச் சாலையில் திரும்புகிறது. வீட்டுக்குப் போன் போட்டேன். லூசியான் எடுத்தார்.

"எண்ணெய் வண்டி நம்ம வீட்டுக்குத்தான் வருது. ஓடிப்போயி நிறுத்துங்க."

"ஒரு தடவ ஓடினேன். போதும்."

வைத்துவிட்டார். மறுபடி மறுபடி அடித்தேன். எடுக்கவே இல்லை. மாவுக் கையோடு காரை எடுத்தேன்.

டிசம்பர் 9
நேற்று நான் போய்ச் சேர்ந்தபோது வண்டிக்காரன் வாசலில் முகம் வெளுத்து நின்றான். தொட்டி நிரம்பும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறி விசில் அடிக்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் ஊற்றுவார்கள். "விசில் வரலம்மா. தொப்பிய கழட்டிக் காத வச்சும் பாத்தேன். அப்புறந்தான் மூடினேன்" என்றான். அதற்குள் நாற்பது கேலன் எண்ணெய் நிலவறைத் தரையில்.

தீயணைப்புக்காரர்கள் எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள். ஒன்பது பேரும் தேவாலயக் கூடத்தில் இருக்கிறோம். யாரோ கொண்டுவந்த கோழி ஸ்டூ. எதைத் தின்றாலும் எண்ணெய் வாடை.

சாப்பிடும்போது ரொசேர் கேட்டார். "வண்டியப் பாத்தேல்ல? வீட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

எதிரே லூசியான். கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"தோணல" என்றேன்.

பெரிய பெண் எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த மனுஷனைத் துண்டோடு ஓடவிட்டது நான்தானே.

டிசம்பர் 13
ரொசேர் குளிரில் கல்லை உடைத்துக் குழாயைப் பிடுங்கினார். ஒரு நாள் வேலைகூட இல்லை.

டிசம்பர் 15
லூசியான் வக்கீலைப் பார்க்கப் போனாராம். ரொசேர் சொன்னார். இன்றைக்கு ஒரு வேடிக்கையும் வாயில் வரவில்லை.

டிசம்பர் 22
நிலவறைத் தரையைப் பெயர்த்து மண்ணை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பினோம். வாடை இருக்கிறது, லூசியானின் அறையில்தான் அதிகம். எப்போது விற்கப் போகிறாய் என்று ரொசேர் நேராகவே கேட்டுவிட்டார்.

"என் கட்டில மாடிக்கு மாத்தணும்" என்றார் லூசியான். "ஒரு கை பிடி."

ஜனவரி 13
பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணி முடியுமுன் லூசியான் எடுத்தார். கோழியை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னேன். "இரு" என்று போனார், வந்தார். "வச்சாச்சு. வேற?"

வேறொன்றும் இல்லை. நாக்கு நுனியில் ஒரு கிண்டல் இருந்தது, விழுங்கிவிட்டேன். அந்தப் பக்கம் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் நான் போனை வைக்கிறவரை அவர் வைப்பதில்லை.