துரை முட்டையிட்ட வாரம்

22-7-84, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. கோழிக் கூட்டுத் தகரம் ஒழுகியது. தார்ப்பாய் போட்டுக் கட்டினேன். பின்சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே ஆறடி இடம். அதில் ஐந்து உருப்படி: மேஸ்திரி (பெரிய சேவல்), செவலை, பொரிச்சி, கருப்பி, துரை. தாராவியில் இந்த மழைக்கு ஒன்றுகூடச் சீக்கில் விழாத கூடு என்னுடையதுதான். மஞ்சளும் சின்ன வெங்காயமும் நசுக்கிக் குருணையில் கலந்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சுடலை கோயில் கொடை. துரையைப் பலி கொடுக்க வேண்டும். மாசியில் மகள் செல்விக்குப் பிரசவம் சிக்கலானபோது என் பெண்டாட்டி பேச்சி நேர்ந்தது: தாயும் பிள்ளையும் பிழைத்தால் வீட்டில் வளர்ந்த சேவல். அன்று துரை சின்னக் குஞ்சு. 'இது சேவல்' என்று தூக்கிக் காட்டியவன் நான். இப்போது பேரனுக்கு ஐந்து மாதம். செம்பூரில் கொழுகொழுவென்று இருக்கிறான்.

துரை இன்னும் கூவவில்லையே என்றாள் பேச்சி. "வெக்கப்படுதான்" என்றேன்.

23, திங்கள்

துரை முட்டை போட்டது.

சின்ன முட்டை, ஓட்டில் லேசாக ரத்தக் கீற்று. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சூடு இருந்தது. கருப்பி போட்டிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பேச்சி விடவில்லை.

"கருப்பி அப்ப என் காலடியில நின்னா. நான் பாக்கப் பாக்க ஒங்க துரைதான் போட்டான்."

பின்வீட்டு மராத்திக்கார மவுஷி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, துரை முர்காவா முர்கியா, சேவலா பெட்டையா என்று கேட்டாள். முட்டையை மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

இருபது வருஷமாகக் குஞ்சு பார்த்துச் சொல்கிறேன். வடாலாவிலிருந்தெல்லாம் கூடையில் கொண்டுவருவார்கள். கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கினால் காலை மடக்குவது பெட்டை, தொங்கவிடுவது சேவல். தப்பியது இது ஒன்றுதான். எனக்குத் தெரிந்தவரை.

24, செவ்வாய்

தோல் பட்டறை விட்டதும் முத்தையா அண்ணனைப் பார்க்கப் போனேன். கொடையில் சாமியாடுகிறவர். மற்ற நாளில் லாரி ஆபீஸில் வேலை. பெட்டையைக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"சுடலைக்குப் பெட்டை ஆகாதுவே."

"கடையில ஒரு சேவல் வாங்கிட்டா?"

"வீட்டுல வளந்த சேவலுன்னுதான நேந்தீரு? உம்ம வீட்டுலதான் ஒண்ணு நிக்குல்லா?"

நிற்கிறது. மேஸ்திரி. அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார்.

25, புதன்

மேஸ்திரிக்கு மூன்று வயது. சாயங்காலம் தோல் வாடையோடு வருவேன். மற்றவை கிட்டே வராது, இது மட்டும் தோளில் ஏறும். பெருச்சாளியை விரட்டி ஒரு நகம் போனது. கம்பு போட்டால் பெட்டைகளைக் கூப்பிட்ட பிறகே தான் தின்னும்.

பேச்சிக்கு அதைக் கண்டாலே ஆகாது. காலைக் கொத்துகிறது என்று விளக்குமாற்றை எடுப்பாள். "கொண்டு போங்க. வாக்கு வாக்குதான்" என்றாள். சரி. பேரனைக் கொடுத்த சாமிக்குச் சேவலைக் கொடுக்க என்ன தயக்கம். கொடுக்கிறேன்.

26, வியாழன்

மழை விட்டது. பட்டறையில் அரை நாள் லீவு சொல்லியாயிற்று. வாங்க: தேங்காய், பூ, ஊதுபத்தி.

பேச்சி தயிர்ச்சோறு பிசைந்து மேஸ்திரிக்கு உருட்டி உருட்டிப் போட்டாள். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

27, வெள்ளி

மதியக் கொடை. நல்ல கூட்டம். மேஸ்திரியைத் தோளில் வைத்தே கொண்டு போனேன், கால் கட்டவில்லை. மேளம் வேகம் பிடித்தது, முத்தையா அண்ணனுக்கு அருள் வந்தது. சேவலை எடுக்கக் கையை உயர்த்தினேன். பேச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"சாமி, தப்பாச் சொன்னது எங்க வீட்டுக்காரரு. நம்பி நேந்தது நான். இந்தச் சேவல் என்னய்யா செஞ்சுது?"

மேளம் நின்றது. சாமி என் முகத்துக்கு நேரே வந்தது.

"தப்பாச் சொன்ன வாயக் குடுக்கியாலே?"

எனக்குப் புரியவில்லை.

"இனி எவன் குஞ்சு கொண்டாந்தாலும் சேவலுன்னோ பெட்டையின்னோ ஒன் வாயி சொல்லப்படாது. குடுக்கியா?"

மேஸ்திரியின் நகம் தோளில் அழுந்தியிருந்தது. "குடுத்தேன் சாமி" என்றேன். நெற்றியில் திருநீறு விழுந்தது. கூட்டமே சிரித்தது. இருபது வருஷப் பேர் போயிற்று. ஆனாலும் வீடு வரும்வரை மேஸ்திரியைத் தோளில் வைத்தபடி நான் சிரித்துக்கொண்டே வந்தேன். பேச்சிதான் அழுதாள்.

29, ஞாயிறு

வெயில். சுனாபட்டியிலிருந்து ஓர் அம்மா கூடையோடு வந்தார். ஆறு குஞ்சு. பார்த்துச் சொல்லுங்க அண்ணாச்சி என்றார். சாமிக்கு வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். "எனக்கு மட்டும்" என்று கெஞ்சினார். பேச்சி சாய் கொடுத்து அனுப்பி வைத்தாள். அவர் போகுமுன் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

எழுதக் கூடாது என்று சாமி சொல்லவில்லை. நாலு பெட்டை, ரெண்டு சேவல். சந்தேகமே இல்லை.