முப்பிடாதி எடுத்துக்கொண்ட பங்கு

8-2-1979, வியாழன்
மிளகாய் வத்தல் விலை இன்றும் இறங்கியது. கடைத்தெருவில் ஆளாளுக்குச் சரக்கைத் தள்ளிவிட்டார்கள். நான் வாங்கினேன். "ஒமக்கு நெஞ்சு என்ன இரும்பா வே?" என்றார் தரகர் தங்கப்பழம். விலை ஏறும். ஏறாவிட்டால் விற்றுத் தொலைக்கிறேன், அவ்வளவுதானே. நான் சரக்குப் பிடித்தால் என் மனைவி முப்பிடாதிக்குத்தான் கைகால் உதறும்.

சாப்பிடும்போது சொன்னாள், கழுத்தில் ஒரு கட்டி என்று. ரொம்ப நாளாக இருக்கிறதாம். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

12-2, திங்கள்
பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி. கட்டியில் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். புற்றா என்று கேட்டேன். அடுத்த வாரம் தெரியுமாம். நர்ஸிடம் சத்தம் போட்டேன். மதுரைக்கே கூட்டிப்போகிறேன் என்று குதித்தேன். முப்பிடாதியானால் பெஞ்சில் உட்கார்ந்து பழம் உரித்துத் தின்கிறாள்!

15-2, வியாழன்
ஈர வத்தலை வாங்கிவிட்டேன். நன்றாகக் காய்ந்த வத்தலென்றால், குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். குலுக்கிப் பார்க்கவே இல்லை — நானா இப்படி?

வீட்டில் வந்து புலம்பினேன். முப்பிடாதி என் தோள் துண்டை உருவி என் கைமேல் போட்டாள். எங்கள் தரகில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவது. ரெண்டு விரலைப் பிடித்தாள்.

"இம்புட்டுப் பயம் ஒங்களுக்கு. மிச்ச மூணும் எனக்கு. முடிச்சிருவோமா?"

"ஒனக்குப் பயமே இல்லியாட்டி?"

"சரக்க வேண்டாம்னு விடலாம். நீங்க விடமாட்டிய, அதான் பயம். இந்தக் கட்டிய வேண்டாம்னு யாரு விட முடியும்?"

எனக்கு நேர்மாறு. பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம் என்கிற இடத்தில்தான் என் தைரியமெல்லாம். இத்தனை வருஷம் தெரியவில்லையே.

பேரத்துக்கு ஒத்துக்கொண்டேன். இப்படி ஒருத்தியைக் கொடுத்தாளே எங்கள் சங்கரன்கோவில் ஆத்தா கோமதியம்மாள், அவளுக்கு மாவிளக்குப் போட வேண்டும்.

18-2, ஞாயிறு
இன்று யாரையும் வையவில்லை.

20-2, செவ்வாய்
வெறும் கொழுப்புக் கட்டிதான். பயமில்லை என்றார் டாக்டர்.

நர்ஸம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஒங்கள மாதிரி எத்தன பேர பாக்கேன் அண்ணாச்சி" என்று சிரித்தாள். நல்ல பிள்ளை.

வெளியே வந்தால், முப்பிடாதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. உடம்பெல்லாம் நடுக்கம்.

"இம்புட்டு நாளும் இத எங்கனட்டி வச்சிருந்த?"

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எதிரே எங்கள் சங்கரன்கோவில் பஸ் வந்து ஹார்ன் அடித்தது.

"போயிருவான், ஓடுங்க," என்றாள் முந்தானைக்குள்ளிருந்து.

போகட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.