இவர் பக்கத்துப் பிரேக்

சிங்கப்பூர். மார்ச் 5, 1962. திங்கள்.

காலையிலிருந்து மழை. மூன்று யூனிஃபார்மும் ஈரம். விளக்குமாற்றுக் கட்டை முறிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.

காரை எடுக்கவில்லை. பஸ்ஸில் போய் இரண்டு பிரசவம் பார்த்துவிட்டு வந்தேன். ஒன்று ஆண், ஒன்று பெண். நான்கு பேரும் நலம்.

நேற்று நடந்தது. சோஃபியா மலையிலிருந்து செலிகி ரோட்டுக்கு இறங்கும் சரிவு. பக்கத்தில் இவர். பின்னால் மகள் வசந்தி. பிரேக்கை அமுக்கினால் பெடல் அடிவரைக்கும் போகிறது. பிறகு இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். ஈரச் சாலை வேறு. ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். நின்றது. கச்சாங் பூத்தேக்காரர் ஒருவர் தலையில் கடலைத் தட்டோடு ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டிருந்தார். குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "அட, நம்ம மிஸ்ஸி! என் மூணாவது பையனுக்கு நீங்கதானே வந்தீங்க?" ஒரு பொட்டலம் கடலை வேறு கொடுத்தார். வாங்கிப் பின்னால் வசந்தியிடம் நீட்டினேன்.

ஹேண்ட்பிரேக்கை வைத்தே ஊர்ந்து வீடு வரும்வரை இவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்று சாப்பிடும்போது ரசத்தைப் பார்த்துக்கொண்டு, "பத்து பகாட்டுக்கு வாடகை வண்டி வச்சிக்கலாமா? ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு. டிரைவரோட வருமாம்."

பதினெட்டாம் தேதி, பாலம் தாண்டி பத்து பகாட் ஊரில் நாத்தனார் மகள் கல்யாணம். இவர் தாய்மாமன். முதல் நாளே சீர்த்தட்டோடு போய் நிற்க வேண்டும். நான் வண்டி ஓட்டுவதை நாத்தனார் இன்னும் நம்பவில்லை. போன வருஷம் வந்தபோது, "நெசமாவே நீயா ஓட்டுற?" என்று மூன்று தடவை கேட்டாள். அவள் வாசலில் நான் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்க வேண்டும். இரண்டு மாதமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். வாடகை வண்டியில், பின் சீட்டில், மடியில் பழத்தட்டோடு போவதாக இல்லை.

"பிரேக்க சரி பண்ணிட்டா?" என்றேன்.

"பண்ணுனா பாக்கலாம்." பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். பதினொரு வருஷமாகத் தெரியும்.

எங்கே கொடுப்பது?
கார் கம்பெனியின் சொந்த ஒர்க்ஷாப், ஆர்ச்சர்ட் ரோடு. சுத்தமான இடம்.
கோவிந்து (இவர் சித்தப்பா மகன்), ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சந்து. சொந்தம். ஓயாத வாய்.
வேறு யாராவது. விசாரிக்க வேண்டும்.

மார்ச் 6, செவ்வாய்.

வெயில். துணி உலர்ந்தது.

வேலை முடிந்து பஸ்ஸில் கம்பெனி ஒர்க்ஷாப். தரையில் சாப்பாடு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். வெள்ளைக் கோட்டுக்காரர் நோட்டைத் திறந்துகொண்டு, என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். மிஸ்டர் வரவில்லையா என்று இங்கிலீஷில் கேட்டார். ஓட்டுவது நான், மிஸ்டருக்கு எது பிரேக் எது கிளச் என்றே தெரியாது என்றேன். சிரிக்கவில்லை. இருபத்தொன்றாம் தேதிதான் இடம் இருக்கிறதாம். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள் என்றார். அது மட்டும் நியாயம்.

பதினெட்டுக் கல்யாணத்துக்கு இருபத்தொன்றில் பிரேக்! அடித்துவிட்டேன் அந்தப் பெயரை.

மார்ச் 7, புதன்.

விளக்குமாறு வாங்கியாயிற்று. அதே கையோடு வண்டிக்குள்ளும் கூட்டினேன். இவர் காலடியில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினால் வலது கால் வைக்கிற இடத்தில் அது தேய்ந்து ஓட்டை. இரண்டு வருஷமாக நான் பிரேக் போடும்போதெல்லாம் இவரும் அங்கே ஒரு பிரேக் போடுகிறார். என் பிரேக் லைனிங் இப்போதுதான் தேய்ந்தது, இவருடையது எப்போதோ தேய்ந்துவிட்டது போல.

சிரித்தேன். அப்புறம் ஒரு மாதிரியாக இருந்தது. இரண்டு வருஷமும் பயந்துகொண்டேதான் வந்திருக்கிறார். ஒரு நாளும் சொன்னதில்லை. லைசென்ஸ் பரீட்சையில் இவர் இரண்டு தடவை தவறி, நான் முதல் தடவையே தேறியபோது, ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்த மனுஷர்.

விரிப்பைத் திருப்பிப் போட்டு வைத்தேன்.

மார்ச் 8, வியாழன்.

சாயந்திரம் கோவிந்து வந்துவிட்டான். கம்பெனிக்குப் போய் வந்ததைக் காலையில் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது யாரிடமோ சொன்னேன். நாலு மணிக்கெல்லாம் அவன் காதுக்குப் போயிருக்கிறது.

"அண்ணி, கம்பெனிக்குப் போனீங்களாமே? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"அப்படி இல்ல தம்பி, சும்மா விசாரிச்சேன்."

"ஊர்ல உள்ளவன் வண்டியெல்லாம் என்கிட்ட வருது. எங்க அண்ணன் வண்டி மட்டும் வெளிய போனா நான் எப்படி லா தலை நிமிந்து நடக்கிறது?"

போன வருஷம் ஹாரனை ரிப்பேர் செய்தான். அதிலிருந்து ஒரு மாதம், இடது பக்கம் திரும்பினால் ஹாரன் தானாக அடித்தது. பேஷண்ட் வீடுகளில் நான் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அதைச் சொன்னேன்.

"அது கரண்டு விசயம் அண்ணி. பிரேக்குன்னா வேற."

அவன் ஒர்க்ஷாப்பில் எந்நேரமும் நாலு பேர் பால் சேர்க்காத தே ஓ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவன் பாதி ஸ்குரூவைக் கழற்றிவிட்டுக் கதை சொல்வான். மீதி ஸ்குரூ ஞாபகம் இருக்குமா? பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். முறுக்கு நாலு சாப்பிட்டும் முகம் தொங்கியபடிதான் போனான்.

மார்ச் 9, வெள்ளி.

லேசான தூறல். தலைக்குக் குளித்தேன். கோயிலில் கூட்டம்.

வரும் வழியில் சுங்கை ரோடு. காசிம் பாயின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நான்தான் பிரசவம் பார்த்தேன், அதனால் என்னிடம் பொய் சொல்லமாட்டார். கம்பெனியா, கோவிந்துவா, இல்லை வேறு யாராவதா என்று கேட்டேன். சிரித்தார்.

"கம்பெனிக்காரன் வெள்ளக் கோட்டோட கழட்டுவான். கோவிந்து கைலியோட கழட்டுவான். கழட்டுன பிரேக் ஷூ போறது ஒரே எடம் தங்கச்சி."

"எங்க பாய்?"

"கேலாங்ல ஒரு சீனம்மா இருக்கு. ஷூ மேல தேஞ்சுபோன லைனிங்க எடுத்துட்டுப் புதுசு அடிச்சுக் குடுக்குறது அதுதான். சிங்கப்பூர்ல பாதி வண்டி அந்தம்மா கையிலதான் நிக்குது."

இத்தனை நாள் எந்த ஒர்க்ஷாப், எந்த ஒர்க்ஷாப் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது எதற்கு? விலாசம் வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 10, சனி.

அரை நாள் வேலை. கேலாங்குக்கு பஸ். இவரிடம் சொல்லவில்லை.

லோரோங் சந்தில் கடைசிக் கடை. கடைகூட இல்லை, அஞ்சடி நடைபாதையில் ஒரு பட்டறை. அந்தச் சீனம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். பூப்போட்ட சட்டை, காதில் பச்சைக் கல். தையற்காரர் குண்டூசியைப் பிடித்துக்கொள்வதுபோல் உதட்டில் நாலைந்து செப்பு ரிவிட்டு ஆணி. ஒன்றை எடுத்து ஓட்டையில் வைத்து இரண்டே அடி. அடுத்தது. அவள் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வேலை தெரிந்த கையைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

சுற்றிலும் மூட்டை மூட்டையாகப் பிரேக் ஷூ. ஒரு குவியலில் கம்பெனியின் மஞ்சள் அட்டை. இன்னொரு குவியலில் சாக்பீஸால் ‘கோ’ என்று தமிழில். கல்யாணப் பத்திரிகை உறையில் கோவிந்து என் பெயரை எழுதிக் கொடுத்த அதே கோணல் கொம்பு.

இது யார் என்று மலாயில் கேட்டேன். ரிவிட்டைத் துப்பிவிட்டு, "மாஞா சாக்காப்!" என்றாள். ஓயாமல் பேசுகிறவன் என்று.

அதுதான் தெரியுமே என்று நினைத்துக்கொண்டு, வேலை எப்படி என்றேன். அவள் ஒரு ஷூவை எடுத்து, ஒவ்வொரு ரிவிட்டின் மேலும் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்துக் காட்டினாள். அவன் இப்படித்தான் தடவிப் பார்ப்பானாம், எல்லாவற்றையும். ஒரு ரிவிட்டு முடியளவு தூக்கியிருந்தாலும் திரும்பக் கொண்டுவந்துவிடுவானாம். போன மாதம் ஒரே வண்டிக்கு மூன்று நடை. அவளுக்கு அவன்மேல் வந்த கோபத்தைச் சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள்? லாரி வரும், ஏற்றுவார்கள், போவார்கள். பார்ப்பதில்லை.

"உன் வண்டி என்றால் யாரிடம் கொடுப்பாய்?"

சுத்தியலால் ‘கோ’ குவியலைக் காட்டினாள்.

கதை சொல்லிக்கொண்டே திரிகிறான் என்று நானாக ஒரு முடிவு கட்டி வைத்திருந்தேன். வாய் பேசும்போது கை என்ன செய்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும்.

அவளுக்கு ஐந்து பிள்ளைகளாம். கடைசிப் பிள்ளை மிட்வைஃப் வருவதற்குள் பிறந்துவிட்டதாம். அந்த மிட்வைஃப் பஸ்ஸில் வந்திருப்பாள் என்றேன். பெரிதாகச் சிரித்தாள்.

வரும் வழியில் மங்குஸ்தான் வாங்கினேன். பாதி சொத்தை.

மார்ச் 12, திங்கள்.

கோவிந்து வந்து வண்டியை ஊர்ந்துகொண்டே எடுத்துப் போனான். அவன்தான் செய்யப்போகிறான் என்றதும் இவர், "கோவிந்தா? ஹாரன்?" என்றார். கேலாங் கதையைச் சொன்னேன். பேப்பரை விரித்துக்கொண்டார். வாடகை வண்டிக்காரருக்கு வியாழனன்று பதில் சொல்ல வேண்டுமாம்.

வசந்தி: "அம்மா, வாடகை வண்டின்னா நீ யார் பக்கத்துல உக்காருவ?" நல்ல கேள்வி.

மார்ச் 14, புதன்.

ஐந்து மணிக்கு மூன்று பேரும் ஒர்க்ஷாப் போனோம். வேலை முடியும்போது நான் பக்கத்தில் இருப்பேன் என்று முன்பே கோ.விடம் சொல்லியிருந்தேன். "கிரீஸ் படும் அண்ணி" என்றான். தினமும் என் கையில் என்னென்ன படுகிறது என்று சொன்னேன். வாயை மூடிக்கொண்டான், அரை நிமிஷம்.

வண்டி கட்டைமேல். சக்கரம் நாலும் தனியே. புது லைனிங் மாட்டியாகிவிட்டது. நானும் ஒவ்வொரு ரிவிட்டையும் தடவிப் பார்த்தேன். ஒன்றுகூடத் தட்டவில்லை. பிரேக் ஆயில் ஒழுகிய ரப்பர்களையும் மாற்றியிருந்தான். இனிக் குழாயில் இருக்கிற காற்றை வெளியே எடுக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு பேர். சக்கரத்தடியில் ஒருவர், உள்ளே பெடலை அமுக்க ஒருவர்.

நான் ஏறப் போனேன். கோ. தடுத்தான்.

"அண்ணி இங்க வாங்க, போத்தலப் பிடிங்க. அண்ணே, நீங்க ஏறுங்க."

"நானா? எனக்கு எது எதுன்னு மறந்தே போச்சுப்பா."

"நடுவுல உள்ளது."

இவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் போகிற மாதிரி ஏறி, என் சீட்டில் உட்கார்ந்தார். நானும் கோ.வும் கீழே.

"அமுக்குங்கண்ணே. அப்படியே வச்சிருங்க. விடுங்க. அமுக்குங்க."

போத்தலில் குமிழி குமிழியாகக் காற்று. நாலு சக்கரத்துக்கும் இதே பாட்டு. முதல் சக்கரத்தில் இவர், "உள்ள போய்கிட்டே இருக்குதே, இப்படித்தான் இருக்குமா?" என்று பதறினார். மூன்றாவதில் தானே எண்ணிக்கொண்டு அமுக்கினார். நாலாவது முடிந்ததும், "கோவிந்து! கல்லு மாதிரி நிக்குது! கால் பாதிகூடப் போக மாட்டேங்குது!"

"அதான் பிரேக்கு, அண்ணே."

தே ஓ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். இவர் இறங்கவில்லை. இன்னும் ஐந்தாறு தடவை அமுக்கிப் பார்த்தார். இரண்டு வருஷமாக ரப்பரை மிதித்த காலுக்கு இன்றைக்குத்தான் நிஜப் பெடல் கிடைத்தது. போத்தலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

சக்கரம் மாட்டி, நாலு எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் ஏற்றி, ஃபேரர் பார்க்கைச் சுற்றி ஓட்டினேன். மூன்று இடத்தில் வேண்டுமென்றே பிரேக் போட்டேன். கோ. பின்னால் இருந்து ரிவிட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். பேசட்டும்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது இவர்: "காலையில அந்த வாடகை வண்டிக்காரருக்கு வேணாம்னு சொல்லிடறேன்." என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார். பரவாயில்லை.

மார்ச் 16, வெள்ளி.

எடுத்து வைக்க: பட்டுப்புடவை 2, இவர் ஜிப்பா, வசந்தி பாவாடை, சீர்த்தட்டு 11, தேங்காய் (குடுமியோடு), அடையாள அட்டை, பிரசவப் பை. பிரசவப் பை எதற்கு என்றார் இவர். கல்யாண வீட்டில் எது நடக்கும் என்று யார் கண்டது.

கோ. குடும்பம் லாரியில் வருகிறது. பத்து பகாட்வரைக்கும் எனக்குப் பின்னாலேயே வருவானாம்.

மார்ச் 17, சனி. பத்து பகாட்.

பத்திரமாக வந்து சேர்ந்தோம். வெயிலும் மேகமும் மாறி மாறி. வழியில் ஆயர் ஹீத்தாமில் கோப்பி. நாத்தனார் வாசலுக்கு ஓடி வந்து, முதலில் பின் சீட்டைப் பார்த்தாள். பிறகு முன்னால் இடது பக்கம் பார்த்தாள். நான் வலது பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினேன். "அடிப்பாவி!" என்று கட்டிக்கொண்டாள். போதும். இரண்டு மாத ஆசை.

எழுத வந்தது அது இல்லை. ஆயர் ஹீத்தாம் தாண்டியதும் இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டுக்கொண்டார். கால் மைலில் குறட்டை. இரண்டு வருஷத்தில் இன்றுதான் முதல் தடவை. ரப்பர்த் தோட்டத்து வளைவில் திடீரென்று ஒரு மாடு. அமுக்கினேன். வண்டி கோணாமல், சத்தமில்லாமல் நின்றது. இவர் சம்மணம் கலையாமல் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "ஊரு வந்துருச்சா?" என்றார்.

"மாடு போகுது. நீங்க தூங்குங்க" என்றேன். தூங்கிவிட்டார்.